கப்பல் கம்பெனி முங்கினதுக்குப் பேரு சுதந்திரப் போராட்டமா?

வாசகர் கேள்வி — பிப்ரவரி 26

வ.உ.சி. நடத்துனது ஒரு வியாபாரம். போட்டி தாங்காம அஞ்சே வருஷத்துல மூடிட்டாங்க. துப்பாக்கி தூக்கல, கோட்டையப் பிடிக்கல, ராஜாவப் பார்த்து ஒரு கல்லுகூட எறியல. இதப் போயி பிரிட்டிஷ் மன்னராட்சிய எதிர்த்த போராட்டம்னு ஏன் சொல்லுறோம்? உணர்ச்சிவசப்படாம யாராச்சும் பதில் சொல்லுங்க.

பிப்ரவரி 26, இரவு 11.10

உணர்ச்சிவசப்படாம சொல்ல என்னால முடியாது தம்பி, நான் தூத்துக்குடிக்காரன். ஆனா கணக்கோட சொல்லுறேன், ஏன்னா 22 வருஷமா ஹார்பர்ல கிளியரிங் ஆபீஸ்ல உட்கார்ந்து அடுத்தவன் சரக்குக்கு ஃப்ரைட் பேசுறதுதான் என் பொழப்பு. கப்பல் கம்பெனி எப்படி நடக்கும், எப்படி சாகும், எப்படி சாகடிப்பாங்கன்னு கொஞ்சம் தெரியும்.

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, 1906 அக்டோபர் 16-ல பதிவு ஆச்சு. மூலதனம் 10 லட்சம். ஒரு பங்கு 25 ரூபா, மொத்தம் 40,000 பங்கு. மதுரைத் தமிழ்ச் சங்கம் வச்ச பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்கு எடுத்தார், அதாவது 2 லட்சம் ரூபா, 1906-ல. இது சின்னக் கூட்டம் சேர்த்த உண்டியல் காசு கிடையாது. அதே சமயம் 25 ரூபாய்க்கு ஒரு பங்குன்னு வச்சதால கடைக்காரன், வாத்தியார், குமாஸ்தா கூட ஒண்ணு ரெண்டு வாங்க முடிஞ்சது. லாபத்துக்கு மட்டும்னா வட்டிக்கு விட்டிருப்பாங்க, அது அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச தொழில். தூக்கம் வருது, மிச்சம் நாளைக்கு.

பிப்ரவரி 27, காலை

"போட்டி தாங்காம"ன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வார்த்தை ராத்திரி பூரா உறுத்திச்சு.

தூத்துக்குடி–கொழும்பு லைன் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கையில இருந்துச்சு, இங்க எல்லாரும் பி.ஐ. கம்பெனின்னு சொல்லுவாங்க. தேயிலைத் தோட்டத்துக்குப் போற சனம், கொழும்புல கடை வச்சிருக்கிறவங்க, அரிசி, கருவாடு, துணி எல்லாம் அந்த வழிதான். சுதேசி கப்பல் வந்ததும் பி.ஐ. மூணாம் வகுப்பு டிக்கெட்டை 1 ரூபாய்க்கு இறக்குனான். சுதேசிக்காரங்க 8 அணான்னாங்க. அடுத்து அவன் சும்மாவே ஏறுங்கன்னுட்டான். அதோட ஆளுக்கு ஒரு குடையும் சேர்த்துக் குடுத்தான்.

குடையப் பத்தி சின்ன வயசுல கேட்டப்ப எங்க வீட்டுல எல்லாரும் சிரிப்போம். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு சிரிப்பு வரல. ஒரு தடவை எங்க ஆபீஸ் மாடியில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு சின்ன லைன் நடத்துனார், மாலத்தீவுக்குத் தோணிச் சரக்கு. பெரிய பார்ட்டி ஒண்ணு வந்து ஆறே மாசம் செலவுக்கும் கீழ ரேட்டைப் போட்டுச்சு. ஏழாவது மாசம் இவர் தோணிய வித்தார், எட்டாவது மாசம் பழைய ரேட்டுக்கும் மேல ஏத்திட்டாங்க. கடைசி நாள் மேசை டிராயரைக் காலி பண்ணி சாவிய என்கிட்ட குடுத்துட்டு ஒண்ணும் பேசாம இறங்கிப் போனார். இது போட்டி இல்ல தம்பி. யாருகிட்ட நஷ்டத்தைத் தாங்குற பணம் அதிகமோ அவன் மத்தவன் கழுத்தை நெரிக்கிறது. அவன் பின்னாடி கவர்மெண்டும் நின்னா கேக்கவே வேணாம்.

பிப்ரவரி 27, மதியம்

தேதி இப்பதான் உறைச்சது. 1908-ல இதே பிப்ரவரி 27-லதான் கோரல் மில் வேலைநிறுத்தம் ஆரம்பிச்சது. அதப் பத்தி தனியா எழுதணும்.

பிப்ரவரி 28

ஒரு அக்கா சுட்டிக்காட்டுனாங்க, சரியாத்தான் சொன்னாங்க. "சுதேசி கப்பல் வந்ததும்"னு நான் எழுதுனது சொந்தக் கப்பல் வந்த மாதிரி இருக்கு. முதல்ல சொந்தக் கப்பல் இல்ல. பம்பாய் ஷா லைன் கிட்ட வாடகைக்கு எடுத்தாங்க. பி.ஐ. நெருக்குன நெருக்குல ஷா லைன் கப்பலைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் கொழும்புல இருந்து ஒரு கப்பல் வாடகைக்குப் பிடிச்சு ஓட்டிக்கிட்டே, வ.உ.சி. பம்பாய்க்குப் போய் சொந்தக் கப்பலுக்கு ஏற்பாடு பண்ணினார். 1907 மே மாசம் 'காலியா' தூத்துக்குடிக்கு வந்துச்சு, 'லாவோ' இன்னொண்ணு. காலியாவுல மூணாம் வகுப்பு ஆளுங்க மட்டும் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டை ஏத்தலாம்.

இந்தத் திருத்தம் சின்ன விஷயம் இல்ல. வாடகைக் கப்பலைப் பிடுங்குனப்பவே அவர் நிறுத்தியிருக்கலாம். வக்கீல் தொழில் நல்லா ஓடிட்டிருந்த மனுஷன். வெறும் வியாபாரம் பார்க்கிறவன் அந்த இடத்துல கைய உதறிட்டுப் போயிருப்பான்.

மார்ச் 1

கோரல் மில். இது எனக்கு வீட்டு விஷயம் மாதிரி. எங்க ஆச்சியோட அப்பா தூத்துக்குடியில மில்லுக்குப் போனவர்தான், எந்த வருஷம் சேர்ந்தார்னு வீட்டுல யாருக்கும் தெரியாது, அதனால அவர் 1908-ல அங்க இருந்தார்னு பெருமை அடிக்க மாட்டேன். ஆனா மில்லு சங்கு ஊதுனா ஆச்சி தன்னால எந்திரிச்சு உட்காருவா, 80 வயசுலயும். வேலைக்குப் போனது அவ அப்பாதான், சங்கு மட்டும் இவ உடம்புக்குள்ள போயிடுச்சு.

மில்லு ஹார்வி கம்பெனியோடது. விடியுறதுக்கு முன்னாடி உள்ள போனா இருட்டுன பிறகு வெளிய. வாரத்துல ஒரு நாள்கூட லீவு இல்ல. சின்னப் புள்ளைங்க வேலை பார்த்தாங்க. லேட்டா வந்தா, நூல் அறுந்தா அடி. சுப்பிரமணிய சிவா அந்த வருஷம் தூத்துக்குடிக்கு வந்தார், வ.உ.சி. வீட்டுலயே தங்குனார். தினமும் சாயங்காலம் கடற்கரையில கூட்டம். சிவா பேசுனா கேக்கிறவனுக்கு முதுகெலும்பு நிமிரும்னு சொல்லுவாங்க. பிப்ரவரி 27-ல தொழிலாளிங்க வேலைய நிறுத்துனாங்க. ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க, வேலைக்குப் போகலன்னா அடுத்த நாள் அடுப்பு எரியாத வீடுங்க. வ.உ.சி. ஊருக்குள்ள பணம் பிரிச்சு சாப்பாட்டுக்கு வழி பண்ணினார், சில பேருக்கு வேற இடத்துல தற்காலிகமா வேலையும் வாங்கிக் குடுத்தார். 144 தடை எல்லாம் போட்டுப் பார்த்தாங்க. ஒம்பது நாள் தாக்குப் பிடிச்சாங்க. கூலி ஏத்தம், வேலை நேரம் குறைப்பு, ஞாயித்துக்கிழமை லீவு, மூணுக்கும் மில்லுக்காரன் இறங்கி வந்தான்.

இப்போ என் மனசுல இருக்கிற ஒண்ணு. இந்த வேலைநிறுத்தத்தை "வ.உ.சி. சுதேசிக்காக மில்லை நிறுத்தினார்"னு எழுதுறாங்க. முந்தி நானும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது தொழிலாளிங்களுக்குச் செய்யுற அநியாயம். அவங்க கேட்டது ஒரு ஞாயித்துக்கிழமை. புள்ளைய அடிக்காதன்னு கேட்டாங்க. அதுல தேசம் எங்க இருக்குன்னு கேட்டா, அதுலதான் இருக்குன்னு நான் சொல்லுவேன்.

மார்ச் 3

தம்பி திரும்பக் கேக்குறார்: "சரி, மில்லு முதலாளி வெள்ளக்காரன், கப்பல் முதலாளி வெள்ளக்காரன். ராஜா எங்க வந்தார்?"

ராஜா கோர்ட்டுல வந்தார். ஹை கோர்ட் அப்பீல் வழக்கோட பேரே 'சிதம்பரம் பிள்ளை எதிர் சக்கரவர்த்தி'. சட்டப் புத்தகங்கள்ல இன்னைக்கும் அந்தப் பேருலதான் இருக்கு. எதிர்ப் பக்கம் ஹார்வி பேரு இல்ல, பி.ஐ. கம்பெனி பேரும் இல்ல. அப்போ சக்கரவர்த்தி ஏழாம் எட்வர்டு.

1858-ல கிழக்கிந்தியக் கம்பெனி கையில இருந்து நாட்டை விக்டோரியா ராணி நேரடியா எடுத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம் இங்க கலெக்டர்ல இருந்து தலையாரி வரைக்கும் மகுடத்தோட ஆளுதான். இந்திய தண்டனைச் சட்டம் 124-ஏ என்ன சொல்லுச்சு? மாட்சிமை தங்கிய அரசர் மேலயோ, சட்டப்படி அமைஞ்ச அரசாங்கத்து மேலயோ வெறுப்போ அவமதிப்போ விசுவாசக் குறைவோ உண்டாக்குனா குற்றம். விசுவாசம்! வரி கட்டுனா பத்தாது, மனசுல பாசம் வேற வச்சுக்கணும்னு சட்டம். அந்தக் காலத்துத் தமிழ்ல இதுக்கு ராஜநிந்தனைன்னு பேரு.

1908 ஜூலை 7-ல ஜட்ஜ் பின்ஹே தீர்ப்பு சொன்னார். பேசுன பேச்சுக்கு ஆயுள் தண்டனை, 20 வருஷம். சிவாவுக்கு உடந்தையா இருந்ததுக்கு இன்னொரு ஆயுள், இன்னொரு 20. சிவாவுக்கு 10 வருஷம். உடந்தைன்னா என்ன, வீட்டுல தங்க இடம் குடுத்து சோறு போட்டது, கூட மேடையில நின்னது. கொலை இல்ல, கொள்ளை இல்ல. 35 வயசு மனுஷனுக்கு 40 வருஷம். கப்பல் கம்பெனி வெறும் வியாபாரம்னு நீங்க நினைக்கலாம், ஏழாம் எட்வர்டோட ஜட்ஜ் அப்படி நினைக்கல.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதுனதுல முக்கியமானத விட்டுட்டேன். அப்பீல்ல ஹை கோர்ட் ஆறு வருஷமாக் குறைச்சது. "40 வருஷம் ஜெயில்ல கிடந்தார்"னு வாட்ஸ்அப்புல வருதே, அதை யாரும் பரப்பாதீங்க. 1908 மார்ச்சுல பிடிச்சாங்க, 1912 டிசம்பர்ல விட்டாங்க. உண்மையே போதும், அதுக்கு மேல ஒரு வருஷம்கூட கூட்ட வேணாம்.

மார்ச் 5

செக்கு பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க, அது நெசமா கதையான்னு.

நெசம். அவர் கோயம்புத்தூர் ஜெயில்ல இழுத்த செக்கு சென்னையில கிண்டி காந்தி மண்டபத்துல இருக்கு, யாரு வேணா போய்ப் பார்க்கலாம். நான் பார்த்தப்ப பக்கத்துல ஒரு ஸ்கூல் கூட்டம், புள்ளைங்க சுத்தி ஓடிக்கிட்டிருந்துச்சு, அந்த டீச்சர் "தொடாதீங்க தொடாதீங்க"ன்னு கத்திக்கிட்டிருந்தாங்க. எனக்கோ அவங்களத் தொட விடணும்னு இருந்துச்சு.

ஏன்னா நான் செக்கு தள்ளியிருக்கேன். எங்க அம்மா ஊர்ல தாய்மாமா வீட்டுல மரச்செக்கு. எள்ளைக் கொட்டி, பாதி ஆடுனதும் கருப்பட்டிய உடைச்சுப் போடுவாங்க, அப்பதான் எண்ணெய் பிரியும். அந்த வாசனை தெரு முக்கு வரைக்கும் வரும். எனக்கு 14 வயசு இருக்கும், மாட்டுக்குக் கால்ல லாடம் குத்தி வீங்கிடுச்சு. போட்ட எள்ளு பாதியில நிக்குது. மாமா மகனும் நானும் வீம்புக்கு நுகத்தடிய நெஞ்சுல குடுத்துத் தள்ளுனோம். முதல் ரெண்டு சுத்து விளையாட்டு. உலக்கை எள்ளுக்குள்ள இறுக இறுக, தடி முன்னால போகாது, நம்ம கால்தான் மண்ணுல பின்னால வழுக்கும். கண்ணு தரையில ஒரே வட்டத்தைப் பார்த்துப் பார்த்து தலை கிறுகிறுன்னு வரும். அரை மணி நேரம்கூட இருக்காது, அவன் வாந்தி எடுத்தான், எனக்கு ரெண்டு நாள் நெஞ்செலும்பு வலி, மூச்சு இழுத்தா குத்தும். நிழல்ல, ரெண்டு பேரு, வயிறு நிறைய சோறு தின்னுட்டுத் தள்ளுனோம், நிறுத்தணும்னா நிறுத்தலாம்.

அவர் முதல்ல சணல் மெஷின் சுத்துனார், உள்ளங்கைத் தோல் உரிஞ்சு ரத்தம் வந்த பிறகு செக்குக்கு மாத்துனாங்க. வெயில்ல, மாடு மாதிரி. இதை அவரே தன் வாழ்க்கையைச் செய்யுளா எழுதுனப்ப எழுதியிருக்கார். அந்த ஜெயிலுக்குள்ள இருந்துக்கிட்டே திருக்குறள், தொல்காப்பியம்னு படிச்சிருக்கார், ஜேம்ஸ் ஆலன் நூலைத் தமிழாக்கியிருக்கார். காயம் ஆறாத கையோட பேனா பிடிக்கிறது எப்படின்னு எனக்குப் பிடிபடல.

மார்ச் 7

இன்னைக்குத்தான் 1908-ல கோரல் மில் ஆளுங்க ஜெயிச்சு வேலைக்குத் திரும்புன நாள். சாயங்காலம் அந்தப் பக்கம் வண்டியில ஒரு சுத்து போய்ட்டு வந்தேன். வர்ற வழியில மக்ரூன் கால் கிலோ. வேற எழுத ஒண்ணும் இல்ல.

மார்ச் 9

முடி வெட்டப் போனேன். எங்க தெருமுக்கு சலூன் அண்ணாச்சிகிட்ட இந்த விவாதத்தைச் சொன்னேன், பாதி கேட்டுட்டு, "சவரத்தைப் பாதியில விட்டுப் போனாரே, அதச் சொன்னியா?"ன்னார்.

சொல்லல, மறந்துட்டேன். 1908-ல வ.உ.சி.க்கு எதிராப் போன ஆளுங்களுக்கு சவரம் பண்ண மாட்டோம்னு தூத்துக்குடி நாவிதர்கள் முடிவு பண்ணாங்க. ரங்கசாமி ஐயங்கார்னு ஒரு வக்கீல், சவரத்துக்கு உட்கார்ந்தவர், நாவிதர் அதைப் பத்திக் கேட்டதுக்கு உனக்கென்ன அதெல்லாம்கிற மாதிரி ஏதோ எகத்தாளமாச் சொல்லியிருக்கார். நாவிதர் கத்திய மடிச்சுப் பையில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். பாதி முகம் சவரம், பாதி முகம் நுரை. ஊர்ல வேற யாரும் மிச்சத்தைச் செய்ய மாட்டேன்னுட்டாங்க, வக்கீல் வேற ஊருக்குப் போய்த்தான் முடிச்சுக்கிட்டாராம்.

இதைக் கேட்டா எல்லாரும் சிரிக்கிறோம், நானும் சிரிச்சேன், அண்ணாச்சியும் கத்தரியக் கீழ வச்சுட்டுச் சிரிச்சார். ஆனா அப்புறம் கண்ணாடியப் பார்த்துக்கிட்டே அவர் சொன்னது: "அவன் அன்னைக்கு வருமானத்தை விட்டுட்டுப் போயிருக்கான்லா. வக்கீல் வீட்டு வாடிக்கைன்னா வருஷத்துக்கு நெல்லு அளப்பாங்க. அதுவும் போச்சுல்லா."

இதை நான் இவ்வளவு நாள் யோசிச்சதே இல்ல. நாங்க எல்லாரும் வக்கீல் முகத்தைத்தான் பார்த்தோம். அண்ணாச்சி நாவிதரோட பையைப் பார்த்தார்.

மார்ச் 13

திருநெல்வேலிக்கு வேலையா வந்திருக்கேன், அதனால சுருக்கமா எழுதலாம்னு நினைச்சேன், முடியல போல.

1908 மார்ச் 9-ல வங்காளத்து சுதேசித் தலைவர் விபின் சந்திர பாலர் ஜெயில்ல இருந்து விடுதலை ஆனதைக் கொண்டாடி ஊர்வலம், கூட்டம் எல்லாம் தடைய மீறி நடந்துச்சு. கலெக்டர் விஞ்ச் திருநெல்வேலிக்குக் கூப்பிட்டு அனுப்புனார். அரசியல் பேச மாட்டேன்னு உறுதி குடு, ஜில்லாவ விட்டுப் போன்னார். வ.உ.சி. மாட்டேன்னுட்டார். 12-ஆம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூணு பேரையும் உள்ள வச்சாங்க. 13-ஆம் தேதி இந்த ஊர் வெடிச்சது. கடைகள் அடைப்பு, இந்துக் கல்லூரி மாணவர்கள் வெளிய வந்துட்டாங்க, முனிசிபல் ஆபீஸ், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தீ. முனிசிபாலிட்டி மண்ணெண்ணெய் கிடங்குக்கு வச்ச நெருப்பு நாள் கணக்கா எரிஞ்சது. போலீஸ் சுட்டதுல நாலு பேர் செத்தாங்க.

அதே சமயம் தூத்துக்குடியில கோரல் மில் ஆளுங்க திரும்ப வேலைய நிறுத்துனாங்க. தம்பி, இத கவனிங்க. முதல் தடவை நிறுத்துனது கூலிக்கு, லீவுக்கு. ரெண்டாவது தடவை நிறுத்துனது கூலிக்கு இல்ல, கேட்டதெல்லாம் போன வாரம்தான் கிடைச்சிருந்துச்சு. ஜெயிலுக்குப் போன மனுஷனுக்காக நிறுத்துனாங்க. கூட ஜட்கா வண்டிக்காரங்க, முனிசிபல் துப்புரவு ஆளுங்க, நாவிதர்கள், கசாப்புக் கடைக்காரங்க. பம்பாய் மில் தொழிலாளிங்க திலகருக்காக நிறுத்துனது அதே வருஷம் ஜூலையில, உலகம் பூரா தெரியும், பெரிய பெரிய தலைவர்கள் எழுதியிருக்காங்க. அதுக்கு நாலு மாசம் முன்னாடி இந்த ஊர் செஞ்சது. மார்ச் 1-ல நான் எழுதுனதை இங்க திருத்திக்கிறேன், ஞாயித்துக்கிழமை கேட்டவங்களும் தேசம் கேட்டவங்களும் ஒரே ஆளுங்கதான். நான் அவங்களைப் பாவப்பட்டவங்களாவே காட்டிட்டேன், அவங்க அதைவிடத் தெளிவான ஆளுங்க.

அதுக்கப்புறம் தண்டப் போலீஸ் வந்துச்சு, அவங்க சம்பளத்தை ஊர்க்காரங்க தலையிலயே வரியாப் போட்டாங்க. உன்னை அடிக்க வர்றவனுக்கு நீயே படியளக்கணும்.

சாயங்காலம் வீரராகவபுரம் பக்கம் நடந்தேன். பஸ்ஸு, அல்வாக் கடைக் கூட்டம், யாருக்கும் தேதி ஞாபகம் இல்ல. கோவிச்சுக்கல. கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

மார்ச் 15

"துப்பாக்கி தூக்கல"ன்னு முதல் கேள்வியில இருந்துச்சு. தூக்குனாங்க. திரும்பி வர்ற வழியில வாஞ்சி மணியாச்சில வண்டி நின்னுச்சு, அதனால இதை இப்பவே எழுதிடுறேன்.

1911 ஜூன் 17, காலை. ஆஷ் அப்போ திருநெல்வேலி கலெக்டர், 1908-ல தூத்துக்குடியில சப்-கலெக்டரா இருந்து சுதேசி கம்பெனிக்கும் வேலைநிறுத்தத்துக்கும் எதிரா நின்ன அதே ஆளு. மனைவியோட கொடைக்கானல் போறார், மணியாச்சில மெட்ராஸ் வண்டிக்காகக் காத்திருக்கார், பெட்டிக்குள்ள. செங்கோட்டை வாஞ்சிநாதன் உள்ள ஏறிச் சுட்டார், பிளாட்பாரக் கக்கூஸுக்குள்ள போய் தன்னையும் சுட்டுக்கிட்டார். அஞ்சு நாள் கழிச்சு, ஜூன் 22, லண்டன்ல ஐந்தாம் ஜார்ஜுக்கு மகுடாபிஷேகம். வாஞ்சி சட்டைப் பையில இருந்த கடுதாசியில ஜார்ஜ் பேரு இருந்துச்சு, அவன் இந்த மண்ணுல கால் வச்சதும் கொல்ல 3,000 பேர் சபதம் எடுத்திருக்கோம்னு இருந்துச்சு. ராஜா எங்க வந்தார்னு கேட்டீங்களே, இங்க நேராவே வந்துட்டார்.

ஆனா அந்தக் கடுதாசிய நான் முழுசாப் படிச்ச நாள் எனக்கு நல்லா இல்ல. ஐந்தாம் ஜார்ஜை 'பஞ்சமன்'னு எழுதியிருக்கு. ஐந்தாவதுங்கிறதுக்கும் அந்த வார்த்தை ஆகும், அந்தக் காலத்துல ஒரு கூட்டத்தை ஊருக்கு வெளிய தள்ளி வச்சதுக்கும் அதே வார்த்தைதான். மாட்டுக்கறி திங்குறவன், மிலேச்சன் எங்களை ஆளுறதாங்கிற கோபம் அதுல இருக்கு. எனக்குப் பக்கத்து டேபிள்ல வேலை பார்க்கிற நண்பர் இதைப் படிச்சுட்டு, "அப்போ அவர் மீட்க நினைச்ச நாட்டுல எனக்கு இடம் எங்க?"ன்னு கேட்டார். என்னால பதில் சொல்ல முடியல. வாஞ்சி உயிரைக் குடுத்தார், அதை நான் குறைச்சுப் பேச மாட்டேன். அந்தக் கேள்வியையும் குறைச்சுப் பேச மாட்டேன். கோரல் மில் வாசல்ல நின்ன கூட்டத்துல எல்லாச் சாதியும் இருந்துச்சு, கப்பல்ல பக்கீர் சேட் பணமும் இருந்துச்சு, எனக்கு அந்தப் பக்கம் நிக்கத்தான் பிடிக்குது.

மார்ச் 16

நேத்து எழுதுனதுக்குக் கீழ ஒருத்தர் அந்தக் கதையைப் போட்டிருக்கார்: பிரசவ வலியில துடிச்ச தாழ்த்தப்பட்ட பெண்ணை ஆஷ் அக்கிரகாரம் வழியா வண்டியில கூட்டிப் போனார், அதனாலதான் கொன்னாங்கன்னு. பத்து வருஷம் முன்னாடி இதை நானே நாலு குரூப்புல பகிர்ந்தேன், அதனால நானே சொல்லணும். இதுக்கு அந்தக் காலத்துப் பதிவு ஒண்ணுகூட யாரும் காட்டல. கொலை வழக்குல எத்தனை சாட்சி, எத்தனை விசாரணை, 14 பேர் மேல கேஸ், நீலகண்ட பிரம்மச்சாரி முதல் குற்றவாளி, எதுலயும் இது வரல. கடுதாசியில இருக்கிற சாதி வாடையைச் சொல்லக் கடுதாசியே போதும், கதை கட்ட வேண்டாம். 40 வருஷம் ஜெயில்னு பெருக்குறதும் இதுவும் ஒரே தப்பு.

மார்ச் 19

தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கார், இந்த தடவை எகத்தாளம் இல்லாம: "பங்கு போட்டவங்க பணம் போச்சே, அவங்க அவரைத் திட்டலையா?"

திட்டியிருக்காங்க. டைரக்டர்களே கூட்டத்துல பேசுறதை நிறுத்து, கம்பெனியைப் பாருன்னாங்க. இது எனக்கு ரொம்ப நாள் உறுத்துன விஷயம். அடுத்தவன் பணத்தை வச்சு கம்பெனி நடத்துறவன், மில்லு வேலைநிறுத்தத்துல தலைய விட்டா கவர்மெண்ட் கம்பெனியை நசுக்கும்னு தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சேதான் விட்டார். 25 ரூபா போட்ட வாத்தியார்கிட்ட அதுக்கு என்ன பதில்? தொழில் பார்க்கிறவனா நான் அவரைத் தப்புன்னு சொல்லணும். சொல்ல வாய் வரல. அவர் ஒழுங்கா வியாபாரம் மட்டும் பார்த்திருந்தா கப்பல் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும், இலவச டிக்கெட்டுக்கு முன்னாடி எவ்வளவு நாள்னு தெரியல. மில்லு வாசல்ல நின்ன சனம் அவருக்குத் தலையிடக் கூடாத வெளிவிவகாரமாத் தெரியல. ரெண்டும் ஒரே சண்டைன்னு நினைச்சார். பங்குக்காரன் நினைச்சானாங்கிறது வேற. நான் இன்னும் ரெண்டு பக்கமும் நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

அவர் உள்ள இருந்தப்பவே, 1911-ல கம்பெனி கலைஞ்சது. வெளிய வந்தப்ப சனது இல்ல, வக்கீல் தொழில் பண்ண முடியாது. சென்னையில அரிசிக் கடை, மண்ணெண்ணெய்க் கடைன்னு பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்குன்னு பிரிச்ச பணம் காந்தி கிட்ட இருந்துச்சு, அதைக் கேட்டு 1915-ல கடுதாசி மேல கடுதாசி. கடைசியில 347 ரூபா 12 அணா வந்து சேர்ந்துச்சு. 10 லட்சம் மூலதனக் கம்பெனி நடத்துன ஆளு, 12 அணா வரைக்கும் எண்ணி வாங்குனார். பிற்பாடு வாலஸ்னு ஒரு வெள்ளக்கார ஜட்ஜ் சனதைத் திருப்பி வாங்கிக் குடுத்தார், அந்த நன்றியில மகனுக்கு வாலேசுவரன்னு பேரு வச்சார். வெள்ளக்காரன்னு ஆளை வெறுத்தவர் இல்ல, அதையும் சேர்த்துத்தான் அவரைப் புரிஞ்சுக்கணும். 1936 நவம்பர் 18-ல தூத்துக்குடி காங்கிரஸ் ஆபீஸ்ல உயிர் போச்சு. உயில்ல எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கின்னு எழுதி வச்சுட்டுப் போனார்.

எங்க ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பார்த்தா துறைமுகத்து போர்டு தெரியும், 2011-ல இருந்து அவர் பேருதான். தினமும் எத்தனை பில்லுல அந்தப் பேரை டைப் அடிக்கிறேன், இந்த மாசம்தான் ஒவ்வொரு தடவையும் கை ஒரு நொடி நிக்குது.

மார்ச் 24

அண்ணாச்சி சலூனுக்குப் போனேன், முடி வெட்ட இல்ல, சும்மா. அந்த நாவிதர் பேரு என்னன்னு தெரிஞ்சுக்கணும்னார். வீட்டுல இருந்த புத்தகம் எல்லாத்தையும் புரட்டிட்டுத்தான் போயிருந்தேன். நான் படிச்ச எதுலயும் வக்கீல் பேரு இருக்கு, நாவிதர் பேரு இல்ல. அப்படியே சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. காலண்டர்ல நேத்துத் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் திருப்பி என் கையில குடுத்து, "வருஷத்தையாச்சும் எழுதிக் குடு"ன்னார். 1908, தூத்துக்குடின்னு பெருசா எழுதிக் குடுத்தேன். கண்ணாடிச் சட்டம் ஓரத்துல, சாமி படத்துக்குக் கீழ சொருகி வச்சிருக்கார்.